பொட்டு வைக்காத ஸ்பானர்

இரும்புச் சாமான் கடையில் நிற்கிறவனுக்குச் சரக்கை விற்பது ஒரு வேலையே இல்லை. விற்ற சரக்கை வாங்கினவர் என்ன பாடு படுத்தினார் என்று நின்றுகொண்டே கேட்பதுதான் வேலை.

சேலம் கடைவீதியில் நான் அப்படிப் பத்துப் பதினைந்து வருஷம் நின்றிருக்கிறேன். சுத்தி, அரம், உளி, வாள், திருப்புளி, ஸ்பானர் என்று எது வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆசைப்பட்ட பாவத்துக்காக இன்றுவரை அவதிப்படுகிற சகோதரர்களே, உங்கள் துன்பம் எனக்குத் தெரியும். வாங்கியது துருப்பிடிக்கும், வாங்காததுதான் அவசரத்துக்கு வேண்டியிருக்கும், வேண்டியது காணாமல் போயிருக்கும். இந்த மூன்றும் ஒரே மனிதருக்கு நடந்ததை நான் கிட்ட இருந்து பார்த்தேன். அதனால் அவர் கதையைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

இரண்டு பக்கப் பட்டியல்

உலகச் சண்டைக் காலம். சீமைச் சரக்கு வருவது குறைந்துபோய், கடையில் பாதி அலமாரி காலி. அப்போது ஒரு நாள் பரமத்திப் பக்கத்திலிருந்து செங்கோடக் கவுண்டர் என்று ஒருவர் வந்தார். குள்ளமான மனிதர், குரல் மட்டும் உயரம். இரண்டு பக்கத்துக்கு எழுதிய ஒரு காகிதத்தை நீட்டி, "இதுல இருக்கறதெல்லாம் எடுத்து வையுங்க தம்பி" என்றார். படித்துப் பார்த்தேன். கண்ணாடி அறுக்கிற வைர ஊசி இருந்தது, குதிரைக்கு லாடம் அடிக்கும் சாமான் இருந்தது. "குதிரை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். இல்லையாம். கோயமுத்தூர் மில்லில் ஆறு மாசம் வேலை பார்த்த அவருடைய மச்சான் எழுதிக் கொடுத்த பட்டியலாம்.

விஷயம் என்னவென்றால், கவுண்டருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைப்பதை விட்டுவிட்டு ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். போன பங்குனியில் எஞ்சின் நின்றுபோக, டவுனிலிருந்து மேஸ்திரி வந்து சேர ஆறு நாள். அதற்குள் பாதிக் கொடி காய்ந்துவிட்டது. "கொடிக்காலுங்கறது பச்சக் கொழந்தைங்க தம்பி. ஒரு நா தண்ணி தப்புனாப் பொறுத்துக்கும். மூணு நா தப்புனா மொகத்தத் திருப்பிக்கும், அப்புறம் நீங்க காவேரியவே கொண்டாந்து ஊத்துனாலும் திரும்பாது" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பட்டியலை வாங்கி முக்கால்வாசியை அடித்துவிட்டேன். "இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், இரண்டு அரம், ஒரு சுத்தி, இரும்பறுக்கும் வாள், ஒரு திருப்புளி, ஆறு ஸ்பானர். உங்கள் எஞ்சினுக்கு இது போதும். மீதியை அது அது தேவைப்படுகிற அன்று வாங்குங்கள்" என்றேன்.

வீட்டுப் பட்டறை வைக்கிற எல்லாருக்கும் இன்றைக்கும் நான் சொல்வது அதுதான். ஆசைக்கு வாங்காதீர்கள், ரிப்பேருக்கு வாங்குங்கள். கவுண்டர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனதும், கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "ஏன் தம்பி, நீ எனக்குச் சிப்பந்தியா, கவுண்டருக்குச் சிப்பந்தியா?"

முழங்கை மட்டம்

வைஸை எங்கே, எப்படி மாட்டுவது என்று கவுண்டர் கார்டு போட்டிருந்தார். மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தைத் தடுத்துப் பட்டறைக்கு ஒதுக்கியிருக்கிறாராம். மண் தரை. மண் தரையில் மேசை போட்டால், நாலு அடி அடித்ததும் மேசை நடக்க ஆரம்பித்துவிடும். ஆகவே, 'நல்ல வேலங்கட்டையாகப் பார்த்து, இரண்டு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டு, மண்ணை இடித்துக் கெட்டியாக்கி, அதன் தலையில் வைஸை முடுக்குங்கள். நின்றால் வைஸின் வாய் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும்' என்று பதில் எழுதினேன். அதற்குமேல் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது.

அடுத்த மாசம் கவுண்டர் வந்தபோது வைஸ் எப்படி என்று விசாரித்தேன். தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். என் கடிதத்தை உரக்கப் படித்தது மச்சானாம். படித்த கையோடு, அளவுக்கு நின்றதும் மச்சானாம். அந்த மச்சான் பனைமரத்துக்குப் பங்காளி. கட்டையை நட்டு, இடித்து, வைஸை முடுக்கி முடித்த பிறகு கவுண்டர் பக்கத்தில் போய் நின்றால், வைஸின் வாய் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்திருக்கிறது. "கட்டையை ஒரு சாண் அறுத்துவிடுவதுதானே?" என்றேன். மச்சான் மனசு நோகுமாம். வைஸுக்கு முன்னால் ஒரு துவைக்கிற கல்லைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று அராவுகிறாராம். கடையே சிரித்தது. அவர் அசரவில்லை. "ஏனுங்க சிரிக்கறீங்க? கட்டைய அறுத்தா மச்சான் போயிருவான், கல்லுல ஏறுனா நாந்தான ஏறோணும்?"

சாமிக்கு வைத்த அரம்

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். கவுண்டர் ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து கடை மேசையில் கவிழ்த்தார். அவர் வாங்கிப் போன அரம், வாள், ஸ்பானர் எல்லாம் விழுந்தன. ஒவ்வொன்றின் மேலும் வட்ட வட்டமாகத் துரு. அம்மை வார்த்த பிள்ளை மாதிரி இருந்தது. பட்டையாய்ச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மேலே ஈரத்தோடு பூமாலையும் போட்டிருக்கிறார். மறுநாள் எடுத்துத் துடைத்திருந்தாலாவது தேவலை. அன்று சாயங்காலமே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய் நாலு நாள் கழித்து வந்திருக்கிறார். அத்தனை பொட்டும் துருவாக மாறிக் காத்துக்கொண்டிருந்தன. "சாமிக்கு வெச்சது எப்பிடிங்க துருப்பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான் சாமிக்கு ஏஜெண்டு மாதிரி.

புதிதாகக் கொடுக்கச் சரக்கு இல்லை. கப்பல் எங்கே நிற்கிறதோ யார் கண்டது! மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒரு வழியாக மீட்டோம். அன்றைக்கு நான் அவருக்குச் சொன்னதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். பூஜைக்கு முந்தி இரும்பு பூராவும் எஞ்சின் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடையுங்கள். அரத்துக்கு மட்டும் எண்ணெய் கூடாது, வழுக்கும். அதற்குப் பள்ளிக்கூடச் சாக்குக்கட்டித் தூள். சந்தனத்தையும் குங்குமத்தையும் மரப்பிடியில் வையுங்கள். பிடி இல்லாத ஸ்பானருக்குக் காம்பில் சின்னதாக ஒரு பொட்டு, மறுநாள் காலையில் முதல் வேலையாகத் துடைத்துவிடுங்கள். நான் விவரமாய்ச் சொல்லி முடித்ததும் கவுண்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னார்: "பொட்டு எங்க வெக்கறதுன்னு அய்யருகிட்டக் கேட்ட காலம் போயி, இரும்புக் கடையில கேக்கோணுமாட்ட இருக்குது!"

என் வீட்டுக் கதவு

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்தேனே, என் வீட்டுப் பட்டறை எப்படி என்று கேட்பீர்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வீட்டு வாசற்கதவின் கீலில் ஒரு திருகாணி கழன்று, ஏழு மாசம் கதவைத் தூக்கித் தூக்கிச் சாத்திக்கொண்டிருந்தோம். தினம் கடையிலிருந்து ஒரு திருப்புளி எடுத்து வர நினைப்பேன், தினம் மறப்பேன். கடைசியில் என் மனைவி தோசைத் திருப்பியின் முனையை வைத்து அதை முடுக்கிவிட்டாள். தோசைத் திருப்பி வளைந்துபோயிற்று. அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் சொன்னது: "இதையாவது கடைக்குக் கொண்டு போயி நிமித்திக்கிட்டு வாங்க, மறந்துறாதீங்க."

சுவரில் ஒரு காலி இடம்

பட்டறை வைத்திருக்கிறவர்களின் பெரிய வியாதி, சாமான் காணாமல் போவது. கவுண்டருக்கும் வந்தது. அதற்கு ஒரு மருந்து சொன்னேன். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி. மாட்டின சாமானைச் சுற்றித் தாரால் கோடு போட்டு அதன் உருவத்தை எழுதிவிட வேண்டும். எது இல்லையோ அதன் உருவம் மட்டும் வெறுமையாய்த் தெரியும். தேடவே வேண்டாம், உள்ளே நுழைந்ததும் பலகையே சொல்லிவிடும். கவுண்டருக்கு ரொம்பச் சந்தோஷம். அப்படியே செய்தார்.

தை மாசம் ஆறு ஸ்பானரில் ஒன்று, அரை அங்குலம், காணவில்லை. பலகையும் சொல்லிற்று. ஆனால் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்த பலகைக்கு 'எங்கே' என்று சொல்லத் தெரியவில்லையே! பட்டறைக்குள் போகிறவர் இரண்டே பேர். ஒருவர் கவுண்டர். இன்னொருவன் மாரப்பன், எட்டு வருஷமாக அங்கே வேலை செய்கிறவன், எஞ்சின் ஓட்டுகிறவனும் அவன்தான். கவுண்டர் கடைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தி இதையெல்லாம் சொன்னார். மாரப்பனைக் கேட்டீர்களா என்றேன். தலையை ஆட்டினார். "கேக்கலீங்க தம்பி. எட்டு வருசமாச் சோறு தின்னவனக் கேக்க வாய் வருமுங்களா? பாத்துக்கிட்டு மட்டும் இருக்கறனுங்க."

மாரப்பன் வந்தது

அந்தப் பார்வை என்ன செய்யும் என்பது எனக்கு வைகாசியில்தான் தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம், முன்பின் பார்த்திராத ஓர் ஆள் கடைக்கு வந்து, படி ஏறாமல் வெளியிலேயே நின்றான். நாற்பது வயசு இருக்கும். கையில் ஒரு குச்சி; அதில் கத்தியால் வெட்டிய இரண்டு அடையாளம். "இந்த அகலத்துக்கு வாய் இருக்கற ஸ்பானரு ஒண்ணு வேணுமுங்க" என்றான். அளந்து பார்த்தேன், அரை அங்குலம். எந்த ஊர் என்று கேட்டதும் புரிந்துவிட்டது, இவன்தான் மாரப்பன். பண்ணையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்துச் சேலம் வரைக்கும் வந்திருக்கிறான். என் பலகை யோசனையினால்தான் இவனுக்கு இந்தக் கதி.

"நீ எடுக்கவில்லை என்றால், அந்தக் காலி ஆணிக்கு நீ எதற்கப்பா வாங்கி மாட்ட வேண்டும்?" என்றேன். "எடுக்கலீங்க" என்றான், அவ்வளவு நிதானமாக. கடை முழுக்கத் தேடினேன், பின்கட்டுப் பெட்டிகளைக்கூடக் கவிழ்த்தேன். அரை அங்குலம் ஒன்றுகூட இல்லை. போன வருஷத்தோடு சரி. சரக்கு வந்தால் கார்டு போடுகிறேன் என்றேன். குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினவன், நின்று தன் எஜமானரைப் பற்றிச் சொன்னான்: "பண்ணாடி என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா, இல்லீங்கன்னு சொல்லிப்போட்டுத் தூங்கியிருப்பனுங்க. அவிய செவுத்தப் பாக்கறாங்க, அப்புறம் என்னையப் பாக்கறாங்க. வாயத் தொறக்காதவியகிட்ட எப்பிடிங்க பதில் சொல்றது?"

ஆயுத பூஜை அன்று

அடுத்த ஆயுத பூஜைக்குக் கவுண்டர் என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார். பொட்டெல்லாம் நான் சொன்ன இடத்தில் வைத்திருப்பதை நான் பார்க்க வேண்டுமாம். எங்கள் கடையில் விடிகாலையிலேயே பூஜையை முடித்துவிடுவோம். நானும் முடித்துக்கொண்டு, கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து, நாமக்கல்லில் மாறி, மூக்கெல்லாம் கரியாக மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பட்டறை ஜோராக இருந்தது. வாழையிலையில் சாமான்கள் வரிசையாய்ப் படுத்திருந்தன, ஒன்றிலும் துரு இல்லை. பலகையில் மட்டும் அந்த ஒரு வெறும் உருவம். அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் புரட்டாசி மழை ஏமாற்றிவிட்டது. போதாக்குறைக்கு எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காமல் இரண்டு நாள் பாய்ச்சல் இல்லை. அன்று காலையில்தான் ஒரு டின் கிடைத்திருந்தது. எஞ்சினையும் ஓட்டாமல் நிறுத்திவைக்க வேண்டாமா என்று கேட்டேன். "அது ஆயுதமில்லீங்க, மாடு மாதர. மாட்டுக்கு மாலை போட்டாலும் தண்ணி காட்டாம இருப்பமா?" என்றார் கவுண்டர். மாலையோடு எஞ்சின் ஓடிற்று. கால் மணி நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோயிற்று. மாரப்பன் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். உறிஞ்சு குழாயின் இணைப்பில் நட்டு இரண்டு தளர்ந்து, காற்று போகிறது. முடுக்கினால் தீர்ந்தது. அரை அங்குல நட்டு. அந்த ஸ்பானர்தான் இல்லை; கொஞ்சம் பெரியதில் துணியைச் சுற்றியாவது சமாளிக்கலாம்.

ஆனால் ஸ்பானர் எல்லாம் இலையில் அல்லவா படுத்திருக்கிறது! கும்பிட்டு வைத்த இரும்பை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது. எஞ்சினோடு வந்த சாமானும் அங்கேதான். ஊரில் இரவல் கேட்கலாம் என்றால், அன்றைக்கு எவன் வீட்டிலும் இரும்பு எழுந்திருக்காது. கவலை மாட்டை விற்று ஒரு வருஷமாயிற்று. வெயிலோ பங்குனி வெயில் மாதிரி அடித்தது. நாங்கள் கொடிக்காலுக்குள் போய்ப் பார்த்தோம். கொழுந்தெல்லாம் தலை தொங்க ஆரம்பித்துவிட்டது. "இன்னிக்கு மூணாவது நாளுங்க" என்றான் மாரப்பன். எனக்குப் பொறுக்கவில்லை. "கவுண்டரே, ஒன்றே ஒன்றை எடுங்கள். சாமி கோபிக்காது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "உங்க மொதலாளி இன்னிக்கி ஒரு திருகாணி எடுத்துக் குடுப்பாருங்களா தம்பி?" கொடுக்க மாட்டார். யார் கழுத்தை அறுத்தாலும் கொடுக்க மாட்டார்.

அப்போது சமையற்கட்டுப் பக்கமிருந்து கவுண்டர் மனைவி பாவாயி வந்தார். ஒரு கை முந்தானைக்குள் இருந்தது. முகம் வெளிறியிருந்தது. கையை வெளியே எடுத்து, எஞ்சின் மேடையில் எதையோ டக்கென்று வைத்தார். அரை அங்குல ஸ்பானர்! வாயெல்லாம் கருப்பட்டி அப்பி, சுக்கு வாசனை அடித்தது. தை மாசத்தில் சளிக்குச் சுக்குக் காப்பி போட, கருப்பட்டி உடைக்கக் கையடக்கமாக இருக்கிறதே என்று எடுத்துப் போனாராம். அன்று சாயங்காலமே கவுண்டர் வீட்டுக்குள் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்ததும், சொல்லப் பயந்து அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாராம். "நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஒம்பது மாசம் ஓடிப்போச்சுங்க" என்று அழுதுவிட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாரப்பன் பக்கம் திரும்பி, "அவிய உன்னையப் பாக்கறது எனக்கும் தெரியும் மாரப்பா. நாந்தான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். தப்பு என்னுதுதான் சாமி" என்றார்.

மாரப்பன் அந்த ஸ்பானரை எடுத்தான். அதற்குச் சந்தனம் இல்லை, பொட்டு இல்லை, இலையிலும் படுக்கவில்லை. கவுண்டர் தடுக்கவில்லை. கிணற்றுக்குள் இறங்கி, நட்டு இரண்டையும் முடுக்கி, பம்ப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு ஏறி வந்தான். எஞ்சின் ஓடிற்று. வாய்க்காலில் தண்ணீர் வந்து, முதல் வரிசைக் கொடியின் வேரைத் தொட்டது. கவுண்டர் அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். மனிதர் மன்னிப்பு என்ற வார்த்தையைப் படித்தவரில்லை. மாரப்பன் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குக் காலையில அதக் கொண்டுபோயி அந்தக் காலி எடத்துல நீயே மாட்டிரு மாரப்பா" என்றார்.

மாரப்பன் ஸ்பானரை வேட்டித் தலைப்பால் துடைத்தான். கருப்பட்டி போகிற மட்டும் நிதானமாகத் துடைத்துவிட்டுச் சொன்னான்: "மாட்டறனுங்க பண்ணாடி. இனிமேப்பட்டுச் செவுத்துல ஏதாச்சும் காணோம்னா, மொதல்ல அடுப்படியப் பாருங்க, அப்புறமா என்னையப் பாருங்க."

வீட்டுப் பட்டறையைப் பராமரிப்பது பற்றி இத்தனை வருஷம் கடையில் நின்று நான் சொன்ன யோசனைகளில் ஒன்றுகூட மாரப்பனின் இந்த ஒரு யோசனைக்கு உறை போடக் காணாது.